வேரடியில் ஒரு தொழிற்சாலை

உளுந்தும் பயறும் விளையாத நாடு அல்ல இது. ஆயினும், நம் வீடுகளில் இட்டிலிக்கும் தோசைக்கும் அரைபடும் உளுந்தில் ஒரு பங்கு, முன்னாளில் பர்மா என்று வழங்கிய மியன்மாரிலிருந்து கப்பலேறி நமது சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. துவரை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. பட்டாணியும் மைசூர்ப் பருப்பும் கானடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன. உலகத்தில் பருப்பு வகைகளை அதிகமாக விளைவிப்பதும் இந்தியா. அதிகமாக உண்பதும் இந்தியா. அதிகமாக அன்னிய நாடுகளிலிருந்து வாங்குவதும் இந்தியாவே. இந்த மூன்றாவது பெருமை நமக்கு வேண்டாத பெருமை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அதே கடற்கரையில் சில மைல் வடக்கே சென்றால் எண்ணூர். அங்கே உரத் தொழிற்சாலைக்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் வந்து கடலடிக் குழாய் வழியே கரையேறுகிறது. சற்று உள்ளே வந்தால் மணலி. 1966-இல் பதிவாகி, 1971 முதல் உற்பத்தி செய்துவரும் மதராஸ் உரத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. நெடுங்காலம் அது பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவைக் கொண்டு யூரியா செய்தது; 2019 முதல் இயற்கை வாயுவைக் கொண்டு செய்கிறது. அந்த வாயுவும் கப்பலில் குளிரூட்டி வந்து எண்ணூரில் இறங்கும் அன்னியச் சரக்கே. ஆக, பருப்பையும் கடல் கடந்து வாங்குகிறோம். பயிருக்கு இடும் தழைச்சத்தின் மூலப்பொருளையும் கடல் கடந்து வாங்குகிறோம். இரண்டும் வந்து சேரும் வாசலாக வட சென்னை இருக்கிறது.

மணலிக்கு அண்டை ஊர் மாதவரம். அங்கே நின்று ஒருவன் அண்ணாந்து பார்ப்பானாகில், அவன் தலைக்கு மேலே உள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்னும் தழைச்சத்து வாயுவே. ஓர் ஏக்கர் நிலத்தின் மேலே நிற்கும் காற்றில் ஏறக்குறைய 30,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. இவ்வளவும் யாருக்கும் வரி செலுத்தாமல் கிடைப்பது. ஆனால் பயிர் அதை நேரே உண்ண முடியாது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று மும்மடங்குப் பிணைப்பினால் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தினாலன்றி அது பயிருக்கு உணவாகாது.

அந்தப் பிடியைத் தளர்த்த மனிதன் கண்ட வழி ஜெர்மனியில் ஹேபர் என்பவரின் ஆராய்ச்சியில் தொடங்கி, பாஷ் என்பவரின் யந்திரத் திறமையால் 1913-இல் ஒப்பாவ் நகரில் ஆலையாயிற்று. காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தமும், 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் கொடுத்து, நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்குவதே அந்த வழி. உலகத்தின் யூரியா ஆலைகள் யாவும், நமது மணலி ஆலை உட்பட, இந்த வம்சத்தில் வந்தவையே.

இதே வேலையை, அழுத்தமும் இல்லாமல் அனலும் இல்லாமல், பொன்னேரியிலும் சோழவரத்திலும் ஒரு வேர்க்கடலைச் செடியின் வேர் செய்துகொண்டிருக்கிறது. சரியாகச் சொன்னால், வேர் செய்யவில்லை. வேரில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் செய்கிறது. அவரையினத்துச் செடி தன் வேரிலிருந்து ஒருவிதப் பொருளைக் கசியவிட்டு இந்த நுண்ணுயிரை அழைக்கிறது. அது வேர்த்தூவி வழியே உள்ளே புகுகிறது. செடி அதற்குச் சிறு முடிச்சு ஒன்றை வீடாகக் கட்டிக் கொடுக்கிறது. இலையில் சமைத்த சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. நுண்ணுயிரோ காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கிச் செடிக்குத் தருகிறது. இந்த வேலைக்குப் பிராணவாயு பகை. ஆகையால் செடி, நம் இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு உறவான ஒரு பொருளை முடிச்சுக்குள் உண்டாக்கி, பிராணவாயுவை அளந்து விடுகிறது. நல்ல வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நம் குடியானவர்களுக்கு இதன் பலன் புதிதல்ல. நெல்லறுத்த வயலில் உளுந்தும் பயறும் விதைப்பதும், கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் சணப்பையும் மடக்கி உழுவதும், புன்செயில் துவரையை ஊடுபயிராக விடுவதும் வெகுகாலப் பழக்கங்கள். பலன் தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. 1886-இல் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானியர், வேர்முடிச்சு உண்டான பட்டாணிச் செடி காற்றிலிருந்து தழைச்சத்து எடுப்பதை ருசுப்படுத்தினார். 1888-இல் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார். 1890-களில் நோபே, ஹில்ட்னர் என்ற இருவர் அதைச் சரக்காக விற்கத் தொடங்கினர். நமது தேசத்தில் 1920-இல் என். வி. ஜோஷி இவ்விஷயத்தில் முதல் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1983-இல் மத்திய சர்க்கார் உயிர் உரங்களுக்கென ஒரு தேசியத் திட்டத்தையே ஏற்படுத்தியது. நம் மாகாணத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்துறையில் நெடுநாள் உழைத்திருக்கிறது. சேலம், குடுமியான்மலை முதலிய இடங்களில் வேளாண்மைத் துறையே உயிர் உரம் தயாரிக்கிறது. மணலி உரத் தொழிற்சாலையும் யூரியாவோடு உயிர் உரமும் விற்கிறது. ஆகவே, கல்வியிலும் கருவியிலும் நமக்குக் குறைவில்லை.

அதை உபயோகிக்கும் முறையும் எளியது. ஹெக்டேருக்கு வேண்டிய விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று போதும். ஆறின அரிசிக் கஞ்சியில் அதைக் கலந்து, விதையின்மேல் படும்படி புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். பூஞ்சாண மருந்து இடுவதானால் அதை முதலில் இட்டு, ஒரு நாள் கழித்தே இதை இட வேண்டும். இல்லாவிடில் மருந்து நோயோடு நண்பனையும் கொன்றுவிடும். இவ்வளவுதான் வித்தை. நன்கு வேலை செய்யும் முடிச்சுகள் ஹெக்டேருக்கு 50 கிலோவும் அதற்கு மேலும் தழைச்சத்துச் சேர்க்கக் கூடும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் 50 கிலோ என்பது ஏறக்குறைய இரண்டரை மூட்டை யூரியாவுக்கு ஈடு.

நிற்க. இவ்வளவு நன்மையுள்ள பொருளை விவசாயி ஏன் இருகையேந்தி வாங்கவில்லை? அவன் அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது உத்தியோகஸ்தர்களுக்குச் சௌகரியமான பதில். பொன்னேரிப் பக்கத்து விவசாயி ஒருவர் சென்ற பருவத்துக்குப் பின் நம்மைக் காண வந்திருந்தார். நான்கு ஏக்கரில் பச்சைப்பயறு விதைத்தவர். சொன்ன முறைப்படியே கஞ்சி காய்ச்சி, விதை புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தார். முப்பது நாளில் செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது, மருந்து கலந்த வயலுக்கும் கலவாத வயலுக்கும் வேரில் ஒரு வித்தியாசமும் இல்லை. பொட்டலம் வாங்கிய இடத்தில் அது தகரக் கூரையின் கீழ், ஜன்னலோரத்தில், உர மூட்டைகளுக்கு மேல் அடுக்கப்பட்டிருந்ததாம். "ஐயா, பொட்டலத்தின் விலை போனது பெரிதல்ல. வீட்டில் காய்ச்சிய கஞ்சியும், நான் பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தையும் வீணாயிற்று" என்றார். அடுத்த பருவம் அவர் அதை வாங்குவாரா? அவர் பேச்சைக் கேட்ட அண்டை வயல்காரர் வாங்குவாரா?

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. யூரியா உயிரற்ற பொருள். அது கிடங்கில் ஓராண்டு கிடந்தாலும் யூரியாவாகவே இருக்கும். ரைசோபியம் உயிருள்ள பொருள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் தூளிலோ அதுபோன்ற வேறு பொடியிலோ அதைத் தங்கவைத்துப் பொட்டலம் கட்டுகிறார்கள். அந்தப் பொடிக்குள் அது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. சூடு பட்டால் சாகும், உலர்ந்தால் சாகும், ஆறு மாதத்துக்கு மேல் வைத்தால் மெல்ல மெல்லச் சாகும். செத்த பின்னும் பொட்டலம் அதே கனம், அதே கருநிறம். வாங்குபவன் கண்ணால் பார்த்து உயிருள்ளதை உயிரற்றதினின்று பிரிக்க முடியாது. பாலைக் கெட்டது என்று மூக்கு சொல்லிவிடும். விதையைச் சொத்தை என்று கை சொல்லிவிடும். இந்தப் பொட்டலத்தைப் பற்றி எந்தப் புலனும் சாட்சி சொல்லாது. ஒரு மாதம் கழித்து வேர்தான் சாட்சி சொல்லும். அப்போது பருவம் போய்விட்டிருக்கும்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் 2006-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் உயிர் உரங்களும் சேர்க்கப்பட்டன. அதன்படி, பொடியில் தங்கவைத்த ரைசோபியத்தில் ஒரு கிராமுக்கு ஐந்து கோடிக்குக் குறையாமல் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும். திரவமாயின் ஒரு மில்லி லிட்டருக்குப் பத்துக் கோடி இருக்க வேண்டும். தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும். நியாயமான சட்டந்தான். ஆனால் வழக்காடி வயிறு வளர்த்த நமக்கு ஓர் உண்மை தெரியும்: எழுதிய சட்டம் வேறு, நடக்கும் சட்டம் வேறு. ஐந்து கோடி என்பது ஆலையின் வாசலைத் தாண்டும்போது இருக்கும் எண்ணிக்கையா, குடியானவன் கைக்கு வரும்போது இருக்கும் எண்ணிக்கையா? குடியானவனுக்குப் பயன்படுவது இரண்டாவதே. அதை எண்ணிப் பார்க்கக் கிடங்கிலிருந்து மாதிரி எடுப்பது எத்தனை இடத்தில் நடக்கிறது? எடுத்த முடிவைக் குடியானவனுக்குச் சொல்வது யார்? இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. ஏனெனில் இந்தப் பொட்டலங்களில் பெரும்பகுதி பொது ஜனங்களின் வரிப்பணத்தில் செய்யப்பட்டு, மானியத்தில் கொடுக்கப்படுபவை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பது முறை. உயிர் உரத்தைப் பெரிதுபடுத்துவோர் சிலர், யூரியாவே வேண்டாம், ஆலைகளை மூடிவிடலாம் என்று பேசுகிறார்கள். அது நம் அபிப்பிராயமன்று. ரைசோபியம் அவரையினத்துக்கு மட்டுமே துணை. நெல்லின் வேரில் அது முடிச்சுக் கட்டாது. நெல்லுக்கு அஸோஸ்பைரில்லம், நீலப்பச்சைப் பாசி, அஸோலா முதலியவை ஓரளவு உதவும். ஆனால் இன்றைய விளைச்சலுக்கு அவை மட்டும் போதா. கோடிக்கணக்கான வாய்களுக்குச் சோறு போட்டதில் யூரியாவுக்கு உள்ள பங்கை மறுப்பவர், பசியின் சரித்திரத்தை மறந்தவர்.

இன்னொரு வாதமும் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பயறு விளைந்த மண்ணில் இந்த நுண்ணுயிர் ஏற்கனவே இருக்கிறது. புதிதாக இடுவதால் பலன் அதிகமில்லை என்பர். இதிலும் உண்மை இருக்கிறது. 1960-களில் சோயா மொச்சை நம் நாட்டில் பரவியபோது அதற்குரிய இனம் நம் மண்ணில் போதாமல், நுண்ணுயிர் கலவாத வயலில் செடி வெளிறிப்போயிற்று; கலந்த வயலில் தழைத்தது. உளுந்து விளைந்து பழகிய வயலில் அவ்வளவு வித்தியாசம் எப்போதும் தென்படாது. ஆனால் மண்ணில் இருக்கும் நாட்டு இனங்கள் எல்லாமே நன்றாக உழைப்பவை அல்ல. முடிச்சுக் கட்டிச் சர்க்கரையைத் தின்றுவிட்டுச் சும்மா இருப்பவையும் உண்டு. கோடை வெயிலிலும், உவர் மண்ணிலும், நெடுநாள் நீர் நின்ற நெல்வயலிலும் நல்ல இனங்கள் குறைந்துவிடுவதுண்டு. ஆகையால் எல்லா வயலுக்கும் ஒரே பல்லவி பாடாமல், எந்த மண்ணில் இது பலிக்கிறது, எந்த மண்ணில் இல்லை என்பதைத் தாலுகாதோறும் சோதித்துச் சொல்வதே விஞ்ஞானத்துக்கு மரியாதை. மேலும், மணிச்சத்துக் குறைந்த நிலத்திலும் மிகுதியாக யூரியா கொட்டிய நிலத்திலும் முடிச்சு நன்றாகக் கட்டாது. தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது, செடி கூலி கொடுத்து ஆள் வைப்பதில்லை. பயறு வயலில் யூரியாவைக் கொட்டுகிறவன் வேரடித் தொழிற்சாலைக்குத் தானே பூட்டுப் போடுகிறான்.

ஏன் கொட்டுகிறான்? மலிவாகக் கிடைப்பதால். 45 கிலோ யூரியா மூட்டை ரூ. 266-50 விலைக்குக் கொடுக்கப்படுகிறது. அதன் அடக்கவிலை இதைப் போலப் பல மடங்கு. மிச்சத்தைச் சர்க்கார் மானியமாகக் கட்டுகிறது. ஏழை விவசாயிக்குக் கொடுக்கும் இந்த உதவியை நாம் குறை கூறவில்லை. ஆனால் வயலில் இட்ட யூரியாவில் பாதிக்கும் குறைவையே பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் வாயுவாகிக் காற்றில் போகிறது. நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்குகிறது. செலவைப் பொது ஜனங்கள் ஒருமுறை பொக்கிஷத்தில் கட்டுகிறார்கள். இரண்டாம் முறை கிணற்றுத் தண்ணீரில் கட்டுகிறார்கள்.

வட சென்னைவாசிகள் மூன்றாம் முறையும் கட்டுகிறார்கள். 2023-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் உறங்கிக்கொண்டிருந்த மீனவ ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடினார்கள். பலர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். யாரோ ஒரு தூர தேசத்து வயலுக்கு உரம் வேண்டும் என்பதற்காக நேர்ந்த துன்பமல்ல அது. நம் வயல்களின் தேவைக்காக நம் கரையில் இறங்கிய சரக்கு. இந்தத் தேவையில் எவ்வளவு பங்கை ஒரு பொட்டலக் கஞ்சியால் குறைக்க முடியுமோ, அவ்வளவையும் குறைப்பது எண்ணூர்க் குப்பங்களுக்கு நாம் செய்யும் கடமை. தழைச்சத்தைச் செய்யும் இரண்டு தொழிற்சாலைகளில் ஒன்றினால் ஒருவருக்கும் கண் எரிவதில்லை என்பதை நினைவில் வைப்பது நல்லது.

2025-ஆம் வருஷம் அக்டோபரில் மத்திய சர்க்கார் பருப்பு வகைகளில் தன்னிறைவு அடைவதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. ஆறு வருஷத்துக்கு ரூ. 11,440 கோடி, 2030-31-க்குள் 350 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. இலக்கை வரவேற்கிறோம். ஆனால் இவ்வளவு பெருந்தொகையில் விதைக்கும் கொள்முதலுக்கும் கணக்கு எழுதும்போது, வேரில் குடியிருப்பவனை மறந்துவிடக் கூடாது. நமது யோசனைகள் சிலவே.

முதலாவது, உயிர் உரத்துக்குரிய மாதிரிகளை ஆலையில் அல்ல, விற்கும் கிடங்கில் எடுக்க வேண்டும்; முடிவுகளை அந்தக் கிடங்கின் வாசலிலேயே தமிழில் ஒட்ட வேண்டும். இரண்டாவது, வேளாண்மை விரிவாக்க மையம் ஒவ்வொன்றிலும் இதற்கென வெயில் படாத, குளிர்ந்த ஓர் அறையாவது பெட்டியாவது வேண்டும். ஐஸ் கிரீமுக்குக் குளிர்ப்பெட்டி வைத்திராத தெரு இன்று இல்லை. குடியானவனின் உரத்துக்கு அது கிடையாதா? மூன்றாவது, பொட்டலம் விதைப்புக்கு ஒரு மாதம் முன்னே தயாராகி, விதையோடு ஒரே நாளில் குடியானவன் கைக்குச் சேர வேண்டும். பருவம் தப்பி வரும் பொட்டலம் கணக்குப் புஸ்தகத்துக்கே உரம், வயலுக்கு அல்ல. நான்காவது, பொட்டலம் பலிக்கவில்லையென்று விவசாயி முறையிட்டால், வேரைப் பார்த்து விசாரிக்க ஒருவர் வர வேண்டும். செத்த சரக்கு என்று ருசுவானால் பணம் திரும்ப வேண்டும்.

ஐந்தாவது யோசனை மாதவரத்தைப் பற்றியது. அங்கே பால் பண்ணை இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இருக்கிறது. தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கிறது. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு வயல்கள் மனைகளாயின என்றாலும், பயிரைக் காட்டிக் கற்பிக்க அங்கே இன்னும் இடமுண்டு. காராமணி, வேலிமசால், குதிரைமசால் ஆகிய தீவனப் பயிர்கள் யாவும் இந்த வேர்முடிச்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பாலில் உள்ள புரதம், தீவனத்தில் உள்ள தழைச்சத்திலிருந்து வருவது. தீவனத்தின் தழைச்சத்தை முடிச்சு காற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. இந்தச் சங்கிலியை ஓர் அரை ஏக்கரில், நுண்ணுயிர் கலந்த பாத்தி, கலவாத பாத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் விதைத்துக் காட்டினால், புழல், சோழவரம், மீஞ்சூர் விவசாயிகள் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். நூறு பிரசங்கம் செய்யாததை ஒரு பாத்தி செய்யும். அங்கே வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கீறி அந்தச் சிவப்பைப் பார்த்தால், வாழ்நாளில் மறக்கமாட்டார்கள்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. பொட்டலம் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். தேதியில்லாததையும் வெயிலில் கிடந்ததையும் கை தொடாமல் திருப்பிக் கொடுங்கள். உளுந்துக்கு உரியதா, கடலைக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சிறு மூலையை மருந்து கலவாமல் விட்டு விதையுங்கள். முப்பதாம் நாள் இரண்டிலும் செடியை மண்ணோடு அகழ்ந்து, வேரை அலசி, முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாயிருந்தால் வேலை நடக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. கண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். நம் பத்திரிகை அதை அச்சிடச் சித்தமாயிருக்கிறது.

நம்மைக் காண வந்த அந்தப் பொன்னேரி விவசாயி, இந்தத் தை மாதமும் பயறு விதைக்கத்தான் போகிறார். மறுபடி ஒருமுறை கஞ்சி காய்ச்சிப் பார்ப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் கைக்கு உயிருள்ள பொட்டலம் ஒன்றைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல. ஆனால் அதைச் செய்து முடிக்காமல் பருப்பில் தன்னிறைவு என்று பேசுவது பொருளற்ற பேச்சு. சர்க்கார் இதைக் கவனிக்குமென்று எதிர்பார்க்கிறோம்.